நிரல்மொழிச் சண்டை போதும்: முதலாண்டுப் பொறியியலில் வடிவமைப்பையும் கணினியையும் கற்பிக்க எந்த வழி?

தன்னாட்சி பெற்ற பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பாடத்திட்டத்தைத் திருத்தக் குழு கூடினால், எங்கே சூடு கிளம்பும் என்று கூட்டத்துக்கு முன்பே சொல்லிவிடலாம். கணிதத்திலும் இயற்பியலிலும் யாரும் கை வைக்கமாட்டார்கள். நிரலாக்கப் பாடத்துக்கு வந்ததும் ஒருவர் சி என்பார், இன்னொருவர் பைத்தான் என்பார், மின்னியல் துறைக்காரர் மேட்லேப் என்று முணுமுணுப்பார், வேலைவாய்ப்பு அலுவலர் கம்பெனிகளின் நுழைவுத் தேர்வில் எது வருகிறதோ அதையே வைக்கச் சொல்வார். முற்பகல் முழுவதும் இதிலேயே போய்விடும். பொறியியல் வரைகலைக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். வடிவமைப்பு என்ற பேச்சே எழாமல் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

நான் இயந்திரப் பொறியியல் துறையில் பாடம் எடுப்பவன். மொழி எது என்பது இரண்டாவது கேள்வி என்பது என் கட்சி. கணினியில் போட்ட கணக்கை மாணவர் அதே செமஸ்டரில் ஒரு பொருளின்மேல் வைத்து அளந்து பார்க்கிறாரா, இல்லையா? இதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை கண்டுவிட்டால் சி-யா பைத்தானா என்பது பாதி தானாகவே தீர்ந்துவிடும். இயந்திரவியல், கட்டடவியல், மின்னியல் போன்ற துறைகளில் சேரும் முதலாண்டு மாணவர்களை மனதில் வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன். கணினித் துறை மாணவர்களின் கதை வேறு.

இப்போது என்ன நடக்கிறது

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 விதிமுறையில் முதலாண்டுக்கு சி மொழி இருந்தது. 2017இல் அது பைத்தானாக மாறியது, 2021 விதிமுறையிலும் பைத்தானே தொடர்ந்தது. இதற்கிடையே 2018இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் சி மொழியைச் சொன்னது. ஆக, மேலிடத்திலேயே ஒருமித்த கருத்து இல்லை. தன்னாட்சிக் கல்லூரி எதைத் தேர்ந்தாலும் துணைக்கு ஓர் ஆவணத்தைக் காட்டிவிடலாம்.

2021 விதிமுறையின்படி முதல் செமஸ்டரில் பைத்தான் வகுப்புக்கு 45 பீரியட், லேபுக்கு 60 பீரியட். இரண்டாம் செமஸ்டரில் பொறியியல் வரைகலைக்கு 90 பீரியட். நேரத்துக்குப் பஞ்சமில்லை என்பதைக் கவனியுங்கள். கிட்டத்தட்ட இருநூறு பீரியட் செலவாகிறது. ஆனால் இந்தப் பாடங்கள் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பைத்தான் தேர்வில் வட்டுகளைக் கம்பிக்குக் கம்பி மாற்றும் ஹனோய் கோபுரப் புதிரைக் கேட்பார்கள். வரைகலைத் தேர்வில் கிடைத்தளத்துக்குச் சாய்ந்து நிற்கும் அறுகோணப் பட்டகத்தைக் கேட்பார்கள். இரண்டிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் ஒரு நாற்காலியின் காலுக்கு எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கேட்டால், எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாமல் விழிக்கும்.

பாடத்திட்டம் எழுதியவர்களுக்கு இந்தக் கவலை இல்லாமல் இல்லை. லேப் பட்டியலின் முதல் பயிற்சியிலேயே மின்கட்டண பில், மோட்டார் பைக்கின் எடை, இரும்புக் கம்பியின் எடை என்று உலகத்துப் பொருட்களைச் சேர்த்திருக்கிறார்கள். நான்காவது பயிற்சியில் லிஸ்ட் கற்பிக்க காரின் பாகங்களையும் கட்டுமானப் பொருட்களையும் பட்டியலிடச் சொல்கிறார்கள். காரின் பாகங்களை வரிசையாகத் தட்டச்சு செய்தால் இயந்திரவியல் வந்துவிடும் என்ற நம்பிக்கையை மெச்சத்தான் வேண்டும்.

அந்த இரும்புக் கம்பியைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம். கட்டட மேஸ்திரி எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது: மில்லிமீட்டரில் விட்டத்தை வர்க்கப்படுத்தி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பிக்கு 144 வகுத்தல் 162, அதாவது 0.889 கிலோ. லேபில் மாணவர் பாய்வுப்படம் வரைகிறார், இரண்டு வரி நிரல் எழுதுகிறார், விடை வருகிறது, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குகிறார். முடிந்தது.

இப்போது அதே லேபுக்குள் ஒரு மீட்டர் முறுக்குக் கம்பியையும், ஒரு வெர்னியர் காலிப்பரையும், மளிகைக்கடைத் தராசு ஒன்றையும் கொண்டுவந்து வையுங்கள். முதலில் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். கம்பியின் மேல் வரி வரியாக மேடு இருப்பதால், மேட்டின்மேல் வைத்தால் ஓர் எண்ணும் இரண்டு மேடுகளுக்கு இடையே வைத்தால் வேறோர் எண்ணும் வரும். நிரலில் எந்த விட்டத்தைப் போடுவது? இதுவரை யாருக்கும் எழாத கேள்வி இப்போது வகுப்பு முழுவதும் எழும். விடை இன்னும் சுவையானது. ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தர ஆவணம், முறுக்குக் கம்பியின் பெயரளவு விட்டத்தை எடையை வைத்தே வரையறுக்கிறது. ஒரு மீட்டருக்கு அதே எடையுள்ள வழுவழுப்பான உருண்டைக் கம்பிக்கு என்ன விட்டமோ, அதுதான் இதன் விட்டம். வெர்னியரால் அதைப் பிடிக்க முடியாது. பிறகு தராசில் வைத்தால் 0.889 அப்படியே வராது. 12 மி.மீ. கம்பிக்கு ஒரு தொகுதியின் எடை 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதே தரம் அனுமதிக்கிறது. அந்த 162 எங்கிருந்து வந்தது என்று இப்போது கேட்டால், எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ என்பதையும் வட்டத்தின் பரப்பையும் வைத்து மாணவரே கண்டுபிடித்துவிடுவார்.

நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. மொழியும் மாறவில்லை. மேசைமேல் ஒரு கம்பி வந்தது, அவ்வளவுதான். எனக்கு வடிவமைப்புக் கல்வி இங்கேதான் தொடங்குகிறது.

நான்கு வழிகள்

முதல் வழி, இருப்பதை அப்படியே வைத்துக்கொள்வது. நிரலாக்கம் தனி, வரைகலை தனி. இதைக் கேலி செய்வது எளிது, ஆனால் இதில் ஒரு பெரிய நன்மை உண்டு: யார் வேண்டுமானாலும் நடத்தலாம். ஆசிரியர் நடுவில் வேலையை விட்டுப் போனாலும் புதிதாக வருபவர் அடுத்த அலகிலிருந்து தொடரலாம். அறுபது பேர் கொண்ட வகுப்புக்கு ஒரு லேப் உதவியாளர் மட்டுமே உள்ள கல்லூரிகள் ஏராளம். அவர்களிடம் போய் எல்லாவற்றையும் கலைத்துப்போடச் சொல்வது நியாயமில்லை. குறை என்னவென்றால், ஒருங்கிணைக்கும் வேலை மாணவரின் தலையில் விழுகிறது. சிலர் அதைத் தாமாகவே செய்துகொள்வார்கள். பெரும்பாலோர் செய்வதில்லை.

இரண்டாம் வழி, எல்லாவற்றையும் உருக்கி ஒரே பாடமாக வார்ப்பது. உலகில் இதற்குப் பெயர்பெற்ற முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1970களில் பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ் நடத்திய 2.70 என்ற பாடத்தில் எல்லா மாணவர்களுக்கும் ஒரே மாதிரியான உதிரிப் பொருட்கள் தரப்படும். அவற்றைக் கொண்டு ஒவ்வொருவரும் ஓர் இயந்திரம் செய்து, கடைசியில் போட்டியில் மோதவிட வேண்டும். இன்று உலகெங்கும் நடக்கும் பள்ளி, கல்லூரி ரோபோ போட்டிகளில் அந்தப் பாடத்தின் சாயலைப் பார்க்கலாம். டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கியபோதே குழுத் திட்டப்பணியை மையமாக வைத்தது. அமெரிக்காவின் ஒலின் கல்லூரி முழுக்க முழுக்க இந்தப் போக்கில் கட்டப்பட்டது.

ஒலினைப் பார்த்துவிட்டு வந்து நம்மூரில் அதைச் செய்துகாட்டப் போவதாகச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே கல்லூரி முழுவதுமே சில நூறு மாணவர்கள்தான். இங்கே பெரிய கல்லூரிகளில் முதலாண்டில் மட்டும் ஆயிரத்தைத் தாண்டும். ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்லூரி முழுமைக்கும் சேர்த்துப் பார்க்கும் சராசரி. முதலாண்டு லேபில் அந்த விகிதம் கண்ணில் படுவது அரிது. நிரலையும் எந்திரத்தையும் ஒருசேரக் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் ஒரு துறையில் இரண்டு பேர் இருந்தால் அது கொடுப்பினை. அந்த இருவரையும் நம்பி முழு ஆண்டுப் பாடத்தை வடிவமைத்தால், அவர்களில் ஒருவர் மகப்பேறு விடுப்பிலோ மேற்படிப்புக்கோ போகும் செமஸ்டரில் கட்டடம் சரிந்துவிடும். ஆகவே இரண்டாம் வழியின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பரிந்துரைக்கமாட்டேன்.

மூன்றாம் வழி, முதலாண்டில் அடிப்படையை மட்டும் போட்டுவிட்டு வடிவமைப்பை இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தள்ளிவிடுவது. எழுதி வைக்காவிட்டாலும் பல கல்லூரிகளின் உண்மையான கொள்கை இதுதான். இதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஐந்து செமஸ்டர் ஆறு செமஸ்டர் எதையும் செய்துபார்க்காத கை, திடீரென்று செய்யச் சொன்னால் கடைக்குத்தான் போகும். இறுதியாண்டுத் திட்டப்பணிகளைச் செய்து அறிக்கையோடு விற்கும் கடைகள் நம்மூர்களில் ஏன் பெருகின என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

நான்காம் வழி, கல்லூரிக்கு வெளியே உள்ள இணையப் பாடங்களிடமும் பயிற்சித் திட்டங்களிடமும் விட்டுவிடுவது. என்.பி.டி.இ.எல்., ஸ்வயம், 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன், ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் என்று நல்ல சரக்கு நிறையவே இருக்கிறது. குறிப்பாக ஸ்போக்கன் டுடோரியலை நம் கல்லூரிகள் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் ஆதங்கம். பைத்தான், கணக்கீட்டு மென்பொருளான சைலேப் முதலியவற்றுக்குச் சிறு சிறு காணொளிகள், தமிழ்க் குரலிலும் உண்டு. அரசுப் பள்ளியிலிருந்து வந்து, ஆங்கில விளக்கத்தின் வேகத்தில் தடுமாறும் மாணவருக்கு அது பெரிய கைத்தாங்கல். துணைக்கு இவை அருமை. ஆனால் காணொளி யாருடைய கையிலும் வெர்னியரைத் திணிக்காது.

மொழிக்கு வருவோம்

வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதிலிருந்து இதைத் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்று கொஞ்சம் தொட்டுவிட்டு வருகிறார்கள். பக்கத்து நாற்காலியில் உயிரியல் பிரிவிலிருந்து வந்த மாணவி இருப்பார். கோப்பை எந்த ஃபோல்டரில் சேமித்தோம் என்பதே அவருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். முதல் மாதம் முழுவதும் ஒருவருக்குச் சலிப்பு, மற்றவருக்குப் பயம். எந்த மொழியை எடுத்தாலும் இந்த இடைவெளி இருக்கும். பைத்தானில் சற்று சீக்கிரம் குறையும்.

1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியை ஆதரிப்பவர்கள் சொல்வது பொய்யல்ல. கணினிக்குள் எண் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை சி மறைக்காது. அதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

எல்.எம்.35 என்ற வெப்ப உணரி ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தரும். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையின் பழைய எட்டு பிட் வகை, 5 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையிலான எண்ணாக மாற்றிக் கொடுக்கும். அந்த எண்ணை 500ஆல் பெருக்கி 1024ஆல் வகுத்தால் டிகிரி வந்துவிடும். மாணவர் அப்படியே சி-யில் எழுதுகிறார். காலையில் பலகை 65 என்று தருகிறது, திரையில் 31 டிகிரி. சரியாகத்தான் இருக்கிறது. வெயில் ஏறி, அந்த எண் 66 ஆனதும் திரையில் மைனஸ் 31. திருச்சியில், ஏப்ரல் மாதத்தில்!

உணரி கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள். ஒயரைப் பிடுங்கிச் செருகுவார்கள். கோளாறு எங்கும் இல்லை. 66ஐ 500ஆல் பெருக்கினால் 33,000. அந்தப் பலகையில் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட், அதாவது பதினாறு இருமை இலக்கங்கள்தான் இடம். அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 32,767. அதைத் தாண்டியதும் எண் சுற்றிக்கொண்டு எதிர்மறைப் பக்கம் போய் மைனஸ் 32,536 ஆகிவிடுகிறது. 1024ஆல் வகுத்தால் மைனஸ் 31. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியதும் 16 பிட்டில் அடங்காத ஓர் எண்ணால்தான் என்று அந்த நேரத்தில் சொன்னால், வகுப்பில் யாரும் கைபேசியைப் பார்க்கமாட்டார்கள்.

இதே கணக்கைப் பைத்தானில் எழுதினால் 32.2 என்று ஒழுங்காக வந்துவிடும். மாணவருக்கு எதுவும் தெரியாமலே போகும். ஆகவே மின்னியல், மின்னணுவியல் துறைகளுக்கு சி-யே சரி என்பேன். அவர்கள் வாழ்நாள் முழுவதும் இந்த 16 பிட்டோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

இயந்திரவியலுக்கும் கட்டடவியலுக்கும் நிலைமை தலைகீழ். இவர்களுக்கு வேண்டியது தடிமனை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் ஒரு வளையம், அதன் விடைகளை ஒரு வரைபடமாகப் பார்க்கும் வசதி. சி-யில் செமஸ்டர் முடியும்போது நினைவக முகவரிகளைச் சுட்டும் பாயின்டரில் நிற்போம், வரைபடம் போட வழியிருக்காது. பைத்தானில் மேட்பிளாட்லிப் என்ற வரைபட நிரல்தொகுப்பைக் கொண்டு சில வரிகளில் வரைந்துவிடலாம். இதில் ஒரு வேடிக்கை: 2021 லேப் பட்டியலில் எண்கணக்குக்கான நம்பை தொகுப்பும் மேட்பிளாட்லிப்பும் எட்டாவது பயிற்சியாகத்தான் வருகின்றன. லிஸ்ட், டியூப்பிள், டிக்‌ஷனரி, சரம் என்ற தரவு வகைகள் எல்லாம் முடித்த பிறகு. பொறியியல் மாணவருக்கு மொழியின் மிகப் பயனுள்ள பகுதி அதுதான். தன்னாட்சிக் கல்லூரி வேறு எதையும் மாற்றாவிட்டாலும், வரைபடத்தை மூன்றாம் வாரத்துக்கு முன்னால் இழுத்துக்கொள்ளலாம்.

தேர்வையும் சொல்லியாக வேண்டும். இடைவெளி விடுவதே இலக்கணமாக உள்ள மொழியின் நிரலைக் கோடு போட்ட விடைத்தாளில் பேனாவால் எழுதச் சொல்கிறோம். திருத்துபவர் அளவுகோல் வைத்தா பார்க்க முடியும்? மொழியை மாற்றிய வேகத்தில் தேர்வையும் கணினிக்கு மாற்றியிருக்க வேண்டும்.

மேட்லேப் பற்றி அதிகம் பேச வேண்டாம். கணித அணிகளைக் கையாள அதைப்போல் சுகமான கருவி குறைவு, கட்டுப்பாட்டு இயல் படிக்கும் மூன்றாம் ஆண்டில் அதன் துணை மென்பொருளான சிமுலிங்க் மிகவும் உதவும். ஆனால் கல்லூரிக்கு அது உரிமச் செலவு, அந்த உரிமம் இல்லாவிட்டால் வீட்டில் மாணவருக்கு அது எளிதில் கிடைக்காது. அதைப் போன்ற சைலேப், ஆக்டேவ் இரண்டும் இலவசம். முதலாண்டுக்கு ஒரு மொழிதான் என்றால் இவற்றுக்கு முன் பைத்தான்.

குழுக்கூட்டங்களில் யாரும் வாய் திறந்து சொல்லாத இன்னொரு போட்டியாளர் எக்செல். தொழிற்சாலையிலும் கட்டுமானத் தளத்திலும் நம் பட்டதாரிகள் உண்மையில் அதிகம் பயன்படுத்தப்போவது அதைத்தான். கௌரவம் பார்க்காமல் இரண்டு வாரம் ஒதுக்க வேண்டும். அதோடு அதன் ஆபத்தையும் காட்ட வேண்டும்: ஒரு கட்டத்தில் சூத்திரம் தவறாக நகலாகியிருந்தால் அது வெளியே தெரியாது, எண் மட்டும் கம்பீரமாக நிற்கும்.

டிராஃப்டரா, கேடா

வரைகலையின் 90 பீரியடில்தான் எனக்குக் கத்தரிக்க ஆசை அதிகம். சாய்ந்து நிற்கும் கூம்பின் நிழலுருவை டிராஃப்டர் என்ற வரைகருவியை வைத்துக் கையால் வரைவதில் இடவுணர்வு வளர்கிறது என்று மூத்தவர்கள் சொல்வது ஓரளவுக்கு உண்மை. கோடுகள், தளங்கள், எளிய திண்மங்கள் வரை அதைக் காப்பாற்றி வைப்போம். கையால் படம் போடுவதை இன்னும் கூட்டலாம். லேத் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் பாகத்தைக் கிறுக்கிக் காட்டத் தெரியாதவர் நல்ல வடிவமைப்பாளராக முடியாது. நான் வெட்டுவது தூரத்தில் உள்ளது சிறிதாகத் தெரியும்படி வரையும் பெர்ஸ்பெக்டிவ் படங்களையும், திண்மத்தின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்து வரையும் விரிப்புகளில் பாதியையும். தகட்டு வேலை செய்பவருக்கு விரிப்பு வேண்டும்தான், அதை அட்டையை வெட்டி ஒட்டிக் கற்றுக்கொள்ளட்டும்.

அந்த இடத்தில் கேட், அதாவது கணினியில் வரையும் மென்பொருள், வரட்டும். வணிக மென்பொருள்கள் பலவும் மாணவர்களுக்கு இலவச உரிமம் தருகின்றன. என் ஓட்டு ஃப்ரீகேடுக்கு. அது இலவசம் என்பது ஒருபுறம். அதை உள்ளிருந்தே பைத்தானில் இயக்கலாம் என்பதுதான் பெரிய காரணம். தடிமன் என்ற மாறியை நிரலில் மாற்றினால் படத்தில் பாகம் தடிக்கும். முதல் செமஸ்டரில் படித்த மொழிக்கு இரண்டாம் செமஸ்டரில் உடல் கிடைக்கிறது.

நான் தேர்வது

முதல் வழியின் சட்டகத்தைக் கலைக்காமல், இரண்டாம் வழியிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி ஒட்டுவது. வரைகலையின் 90 பீரியடில் 24ஐ எடுத்து, இரண்டாம் செமஸ்டரில் ஒரு வடிவமைப்பு லேப். ஆறு வாரம், வாரம் நான்கு பீரியட். மாணவர் நால்வர் கொண்ட குழு. எல்லாக் குழுவுக்கும் ஒரே வேலை.

வேலை சின்னதாக இருக்க வேண்டும். சமுதாயப் பிரச்சினை ஒன்றைக் கண்டுபிடித்துத் தீர்வு சொல்லுங்கள் என்று முதலாண்டு மாணவரிடம் கேட்டால் ஸ்மார்ட் குப்பைத்தொட்டியும் பார்வையற்றோர் கைத்தடியும்தான் வரும். ஒவ்வோர் ஆண்டும் அதே இரண்டு. அதற்குப் பதிலாக நான் வைக்கும் பணி ஒன்றைச் சொல்கிறேன். சுவரில் ஒரு முனையை இறுக்கி, 300 மி.மீ. நீட்டி நிற்கும் ஓர் எஃகுப் பட்டை. நுனியில் அரை கிலோ எடை தொங்கினால் அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தாழக் கூடாது. பட்டையின் எடை எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு கூடுதல் மதிப்பெண்.

25 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள பட்டைக்கு நிரல் 4 மி.மீ. தாழ்வு என்று சொல்லும். 5 மி.மீ. தடிமனுக்கு 0.86. தடிமன் மூன்றாம் அடுக்கில் வேலை செய்கிறது என்பதை வரைபடம் பளிச்சென்று காட்டிவிடும். அகலத்தைக் கூட்டுவதைவிடத் தடிமனைக் கூட்டுவது லாபம் என்று மாணவரே சொல்வார். கொஞ்சம் துணிந்தவர் பட்டையை மடித்துக் கோணமாக்கலாமா என்று கேட்பார். அன்றைக்கு ஆசிரியருக்குத் தீபாவளி.

பிறகு படம், பட்டறை, எடை, தாழ்வை அளக்கும் டயல் கேஜ். அளந்தால் நிரல் சொன்னதைவிடக் கூடுதலாகவே தாழும். பிடிப்பான் இறுக்கமாக இல்லை, அடிப்பகுதி லேசாகத் திரும்புகிறது. அசையாத சுவர் என்று சூத்திரம் எடுத்துக்கொண்டதை உண்மைச் சுவர் கேட்பதில்லை. இந்த வித்தியாசத்தை மாணவர் எப்படி விளக்குகிறார் என்பதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன். எடையைத் தொங்கவிடுவதற்கு முன்பே தம் கணிப்பைப் பேனாவால் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது ஒரே கட்டாய விதி. சாட்ஜிபிடி வந்தபிறகு வீட்டுப்பாட நிரலுக்கு மதிப்பெண் போடுவது கேலிக்கூத்தாகிவிட்டது. இங்கே நிரலை யார் எழுதினாலும் கவலையில்லை. டயல் கேஜ் காட்டும் எண்ணைக் குழுவே விளக்கியாக வேண்டும்.

கட்டடவியலுக்கு இதே பணியை மரச்சட்டத்தில் வைக்கலாம். மின்னியலுக்கு ஆர்டுயினோவும் மேலே சொன்ன வெப்ப உணரியும் போதும், நிரல் சி-யில். இயந்திரவியலில் மின்னணுப் பலகை தேவைப்பட்டால் பைத்தானின் சிறு வடிவமான மைக்ரோபைத்தான் ஓடும் ராஸ்பெர்ரி பை பைக்கோ இருக்கிறது. 2021இல் வந்தது, விலை சில நூறு ரூபாய். ஆனால் முதல் ஆண்டே பலகை வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒளிரும் விளக்கு எதையாவது வைத்தால்தான் ஆய்வுக்குழு வரும்போது எடுப்பாக இருக்கும் என்பதற்காகப் பலகை வாங்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது.

தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் திறன்களின் பட்டியலில் வடிவமைப்பு மூன்றாவது, நவீனக் கருவிகளைக் கையாள்வது ஐந்தாவது என்பதால், காகித வேலைக்கும் இந்த லேப் பொருந்திப்போகும். ஒரே பயிற்சியில் இரண்டு கட்டத்தையும் உண்மையாகவே நிரப்பலாம்.

இந்த ஏற்பாடு எங்கே சொதப்பும் என்பதும் தெரிந்ததுதான். பட்டறை உதவியாளர் நான்கு மணிக்குப் பூட்டிவிட்டுப் போகும் கல்லூரியில் இது நடக்காது. கணினித் துறைக்காரர் நிரலையும் இயந்திரத் துறைக்காரர் பட்டையையும் தனித்தனியே மதிப்பிட ஆரம்பித்தால் மறுபடியும் இரண்டு பாடமாகப் பிரிந்துவிடும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் நிற்கும்படி கால அட்டவணை போட வேண்டும். அதற்குப் பணிச்சுமைக் கணக்கில் இருவருக்கும் முழு நேரத்தை ஏற்றுக்கொள்ளும் முதல்வர் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காத கல்லூரிகள் முதல் வழியிலேயே இருக்கட்டும். ஒரு மீட்டர் கம்பியும் ஒரு தராசும் வாங்கி, பைத்தான் லேபின் முதல் மேசையில் வைத்துவிட்டுத் தொடங்கலாம். அதற்குக் குழுக்கூட்டத்தின் ஒப்புதல்கூட வேண்டியதில்லை.